கன்னியம்மா வயலில் இறங்கிய சுரைக்காய்

சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்து, உள்ளே மடித்து வைத்திருந்த வெள்ளைத் துணியை இரண்டு விரல்களால் தூக்கிப் பார்த்தார்.

“கூடாரமா?” என்றார்.

“பலூன், சார்.”

“இவ்வளவு துணியும் ஒரு பலூனுக்கா?”

பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து, “எந்தக் கட்சி?” என்று கேட்டார். கட்சி இல்லை, வீட்டு மனை விளம்பரம் என்று சொன்னதும் இருவர் முகத்திலும் தெளிவு வந்துவிட்டது. அந்த ஒரு பதிலுக்குப் பிறகு வேறு கேள்வியே வரவில்லை. பெட்டியை மூடும்போது முதலாமவர் மெதுவாக, “எந்தப் பக்கம் மனை? ஒரகடமா?” என்று கேட்டார். இந்த ஊர் எந்தக் காய்ச்சலில் இருக்கிறது என்று எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது.

நான் ஈப்போக்காரி. அங்கே ஒரு விளம்பர நிறுவனத்தில் பெயர்ப்பலகை எழுத்து வெட்டும் அறையில் எட்டு வருடம் குனிந்தே இருந்தவள். பிறகு எங்கள் முதலாளி சோங் இந்த ஆகாயக் கப்பலை வாங்கினார். சுரைக்காய் வடிவம், வால் பக்கம் மூன்று இறக்கை, உள்ளே ஹீலியம். அதைக் கயிற்றில் கட்டி மேலே நிறுத்தும் வேலை யாருக்கும் வேண்டாம் என்று என்னிடம் வந்தது. முதல் நாள் அது என் கையில் இருந்து கிளம்பி மேலே போனபோது என் முதுகும் நிமிர்ந்தது. அன்றிலிருந்து எனக்கு வேறு வேலை பிடிக்கவில்லை.

ஆனால் ஈப்போவில் பாதி நாள் மழை. நனைந்த பலூன் கனத்துக் கீழே உட்காரும். சோங் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இந்தியாவில் ஒரு வாய்ப்பு. ஞாயிற்றுக்கிழமை அது மேலே நின்று, அவர்கள் அடுத்த வேலையும் கொடுத்தால் வைத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் விற்றுவிடுவேன். நீ எழுத்து வெட்டப் போகலாம்.” ஆக, பெட்டியில் இருந்தது பலூன் மட்டும் இல்லை.

வியாழன்

மனைப் பிரிவின் மேலாளர் பாஸ்கர் என்னை வரவேற்க வந்திருந்தார். என் தலைக்கு மேலே தாண்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். “இன்ஜினியர் சார் பின்னாடி வராரா, மேடம்?” என்றார். நான்தான் என்றேன். சற்று யோசித்துவிட்டு, “பரவால்ல” என்று அவராகவே என்னை மன்னித்துவிட்டார்.

ஒரகடத்திலிருந்து பிள்ளைப்பாக்கம் போகும் பக்கம் மனைப் பிரிவு. செம்மண் தெருக்கள், இரு பக்கமும் சுண்ணாம்பு அடித்த மனைக் கற்கள், வாசலில் ஒரு வளைவு. வளைவைத் தவிர கட்டிடம் என்று எதுவுமில்லை. ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து பேருந்துகளில் குடும்பங்களை அழைத்து வந்து, பிரியாணி போட்டு, மனையைக் காட்டுவார்கள். நெடுஞ்சாலையில் வரும்போதே ஜன்னல் வழியாக என் பலூன் தெரிய வேண்டும். அதன் வயிற்றில் ‘இங்கே மனைகள் விற்பனைக்கு’ என்று ஆளுயர எழுத்து, அதற்குக் கீழே தரையைக் காட்டும் சிவப்பு அம்புக்குறி. எழுத்தெல்லாம் நானே வெட்டி ஒட்டியது. உரித்தால் உரியும், திரும்ப ஒட்டாது.

தங்கியது படப்பையில் பெண்கள் விடுதி. அறையில் என்னோடு ஐந்து பேர், எல்லோரும் தெற்கிலிருந்து வந்து செல்போன் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள். இரவுச் சாப்பாடு முடிந்து வந்ததும் நான், “பசியாறியாச்சா?” என்று கேட்டேன். எங்கள் ஊரில் அப்படித்தான் கேட்போம். இசக்கி என்ற திருநெல்வேலிப் பெண் சிரித்து உருண்டாள். “யக்கா, எங்க வார்டன் இப்படி ஒருநாளாவது கேட்டிருப்பாளா? நல்லா கேளுங்கக்கா, இன்னொரு தடவ கேளுங்க.” அன்றிலிருந்து ஷிப்ட் முடிந்து வருகிற ஒவ்வொருத்தியையும் அவர்கள் அப்படியே வரவேற்றார்கள்.

வெள்ளி

பலூனுக்கு எதிரி காற்று என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். இங்கே முதல் எதிரி சீமைக் கருவேலம். மனைப் பிரிவுக்காக அழித்த செடிகளின் முள் தரை முழுக்கக் கிடந்தது. விளக்குமாற்றால் பெருக்கி, தார்ப்பாய் விரித்து, அதன் மேல் இன்னொரு தார்ப்பாய் விரித்து, பிறகுதான் என் பிள்ளையைப் படுக்கவைத்தேன்.

ஆள் வேண்டும் என்று கேட்டிருந்தேன். பாஸ்கர் சொன்ன ஆட்கள் கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வேடிக்கை பார்க்க வந்த இசக்கியும் தோழிகளும் தாமாகவே கயிற்றைப் பிடித்தார்கள். தூக்கம் வரவில்லையா என்று கேட்டேன். “தூக்கம் எங்கக்கா போயிரும்? சொரைக்கா பறக்குறத தினமுமா பாக்கப் போறோம்?” என்றாள் இசக்கி. பெயர் நிலைத்துவிட்டது.

ஹீலியம் உருளைகள் வந்தன. அளந்து அளந்து உள்ளே விட்டோம். சோப்பு நீரைத் தூரிகையால் தடவினால் ஓட்டை இருக்குமிடத்தில் குமிழி வரும். அங்கே துண்டு வெட்டி ஒட்ட வேண்டும். பெண்கள் மின்னணுப் பலகையில் பொட்டளவு பாகங்களைப் பார்த்துப் பழகியவர்கள், நான் காணாத குமிழியையும் கண்டார்கள். எல்லாம் முடிந்தபோது மீதம் ஒரே ஒரு உருளை. அடுத்த உருளை மும்பையிலிருந்து வர வேண்டும் என்று முகவர் சொல்லிவிட்டார்.

பிறகு பாஸ்கர் பூசணிக்காயோடு வந்தார். கண், மூக்கு, மீசை எல்லாம் வரைந்திருந்த திருஷ்டிப் பூசணி.

“இன்னா மேடம், இவ்ளோ பெரிய பலூனு, ஒரு பூசணிக்கா தாங்காதா?”

“தாங்காது, பாஸ்கர்.”

“அப்ப எலுமிச்சம்பழம், மொளகா?”

“அது சரி.”

“கற்பூரம் காட்டிக்கலாமா?”

நான் போட்ட சத்தத்தில் அவர் தட்டோடு வளைவு வரைக்கும் பின்வாங்கினார். ஹீலியம் தீப்பிடிக்காது, ஆனால் துணி உருகும். சூடத்தை வளைவுக்கே காட்டினார்கள். பலூனின் மூக்கில் சந்தனம், குங்குமம் மட்டும் வைத்தோம். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

சனி

மதிய வெயிலில் உள்ளிருக்கும் காற்று உப்பி, துணி மத்தளம் போல விறைத்தது. வால்வைத் திறந்து கொஞ்சம் விட்டேன். விட்டதற்காக மாலையில் அழுதேன். வெயில் தணிந்ததும் பலூன் சுருங்கிக் கன்னம் ஒட்டிப்போயிற்று. கடைசி உருளையில் பாதி அதற்குப் போனது. பகலில் விட்டு மாலையில் நிரப்புவதுதான் இந்தத் தொழில். வீட்டுச் செலவும் இப்படித்தான் என்று இசக்கி சொன்னாள்.

கயிறு சுற்றும் மோட்டார் வந்த முதல் நாளே மின்னழுத்தம் ஏறி இறங்கிக் கருகிவிட்டது. அதனால் கயிற்றை ஒரு டிராக்டரின் பின்னால் கட்டியிருந்தோம். விமானப் பாதைக்குப் பக்கம் என்பதால் அதிக உயரத்துக்கு அனுமதி இல்லை. இருந்தாலும் நெடுஞ்சாலையிலிருந்து நன்றாகத் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சாலையோரக் கடையில் பரோட்டா சாப்பிட்டேன். எங்கள் ரொட்டி சானாய் இதன் தங்கை என்று சொல்லலாம். ஆனால் இந்தச் சால்னாவின் முன்னால் எங்கள் பருப்புக் குழம்பு வாய் திறக்கக் கூடாது. மூன்றாவதைக் கேட்கும்போது மழை பிடித்தது. ஈப்போ மழை என்னைத் தேடி வந்துவிட்டதோ என்று பதறினேன். அரைமணி நேரத்தில் நின்றது.

ஞாயிறு

காலையில் பலூன் குண்டுக் கன்னத்தோடு மேலே நின்றது. காவலுக்கு இருவரை வைத்துவிட்டு, நானும் பெண்களும் முக்கியச் சாலையில் இட்லி சாப்பிடப் போனோம். இரண்டாவது இட்லியில் இசக்கி கையை நிறுத்தினாள்.

“யக்கா, சொரைக்கா நடக்குதே.”

நிற்க வேண்டியது மெல்ல மேற்கே போய்க்கொண்டிருந்தது. கயிற்றின் நுனியில் வெள்ளையாக ஏதோ தொங்கிக் குதித்தது.

நடந்தது பிறகுதான் தெரிந்தது. பிரியாணி வேன் மழைச் சேற்றில் மாட்டிக்கொண்டதாம். அதை இழுக்க டிராக்டர் வேண்டும். “அஞ்சே நிமிசம்” என்று சொல்லி, பலூன் கயிற்றை அவிழ்த்து, பக்கத்தில் இருந்த மனைக் கல்லில் கட்டியிருக்கிறார்கள். கல் பெரிய கல்தான். ஆனால் அவசரத்தில் நட்ட கல், அரையடிகூட மண்ணுக்குள் போகவில்லை. காற்று ஒரு தள்ளு தள்ளியதும் பல்லைப் பிடுங்குவது போலக் கல் கயிற்றோடு வந்துவிட்டது.

“அது கார்னர் பிளாட் கல்லு, மேடம்” என்று பாஸ்கர் போனில் அழுதார். எனக்கு அழ நேரமில்லை. பதினொரு மணிக்குப் பேருந்துகள் வந்துவிடும்.

ஷேர் ஆட்டோவில் ஏறினோம். ஓட்டுநர் வண்டியை எடுக்கவில்லை. “இன்னும் ரெண்டு சீட்டு கீது, ஆள் ஏறட்டும்.” அந்த ரெண்டு சீட்டுக்கும் நாங்களே தருகிறோம் என்று இசக்கி கத்திய பிறகுதான் நகர்ந்தது. அப்படியும் வழியில் கை காட்டிய ஒருவரை ஏற்றிக்கொண்டார். அந்த ஆள் விஷயத்தைக் கேட்டுவிட்டு, தன் இடத்தில் இறங்காமல் கூடவே வந்தார். சாலையோரம், இங்கே கம்பெனி வேலைக்கு வந்திருக்கும் இரண்டு கொரியாக்காரர்கள் காரை நிறுத்திவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிள்ளைப்பாக்கம் எல்லையில், ஏரிக்கரையை ஒட்டிய நெல் வயலில் சுரைக்காய் நின்றது. கல்லின் கனம் அதை அதற்கு மேல் போக விடவில்லை. நான் ஓடிப்போய்ப் பார்த்தது வயிற்றில் கிழிசல் உண்டா என்று. ஊர் பார்த்தது வேறு.

சேற்றில் மனைக் கல் நட்டுவைத்தது போல நேராக நின்றது. அதன் மேலே சிவப்பு அம்புக்குறி. அதற்கு மேலே ‘இங்கே மனைகள் விற்பனைக்கு.’

இந்த வட்டாரத்தில் ஒரு வயலில் வெள்ளைக் கல் வந்துவிட்டால் அது கைமாறிவிட்டது என்று அர்த்தம். யாரும் பத்திரத்தைப் போய்ப் பார்ப்பதில்லை. வரப்பில் ஏற்கெனவே ஏழெட்டுப் பேர், எல்லோரும் பங்காளிகள். நடுவில் சேலையைத் தூக்கிச் செருகிய ஓர் அம்மாள். நிலம் அவருடையது, பெயர் கன்னியம்மா.

“ஏன் கன்னிமா, எங்களுக்குத் தெரியாம எவனுக்கு முடிச்ச?” என்று ஒரு பங்காளி கேட்டார்.

“நான் எவனுக்கும் முடிக்கல. அஞ்சு வருசமா புரோக்கருங்கள வெரட்டிகினு கீறேன், உனக்குத் தெரியாதா?”

“அப்ப கல்லு இன்னா வானத்துலேர்ந்தா வந்துச்சு?”

“ஆமாங்க, வானத்திலிருந்துதான் வந்தது” என்றேன் நான். யாரும் சிரிக்கவில்லை.

கன்னியம்மா என்னைப் பார்த்துத் திரும்பினார். “நீதான் நட்டியா? எந்தக் கம்பெனி அனுப்ச்சான் உன்ன? எங்க வூட்டு நெலத்துல உன் கல்லுக்கு இன்னா வேல?”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பிரியாணி வேன், டிராக்டர், அரையடிக் கல், ஈப்போ, சோங், எழுத்து வெட்டும் அறை. பதினொரு மணிக்கு இது அங்கே மேலே நிற்காவிட்டால் எனக்கு இந்த வேலை போய்விடும் என்றும் சொன்னேன். சொல்லச் சொல்ல அது கெஞ்சல் மாதிரி ஆகிவிட்டது. எனக்கே எரிச்சலாக இருந்தது. இசக்கி கல்லை அசைத்துக் காட்டினாள், “நட்டதுன்னா இப்படி ஆடுமா?” என்றாள். பங்காளிகள் குனிந்து பார்த்தார்கள். ஒருவர் சிரித்தார், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். கன்னியம்மா மட்டும் சிரிக்கவில்லை.

“சரி, காத்தப் புடுங்கிட்டு மடிச்சி எடுத்துகினு போ.”

முடியாது. திரும்ப நிரப்ப வாயு இல்லை. ஊதியபடியே நடத்தித்தான் கொண்டுபோக வேண்டும். ஒரு பக்கம் முள்காடு, ஒரு பக்கம் உயர் மின்கம்பி. பாக்கி இருந்தது ஊருக்குள் போகும் தெரு ஒன்றுதான்.

“இந்த எழுத்தோட எங்க தெருவுல போவக் கூடாது” என்றார் கன்னியம்மா. “பங்காளிங்க பாத்துட்டாங்க, சரி. ஊரு பூரா இன்னும் நான் வித்துட்டேன்னுதான் சொல்லிகினு கீது. எழுத்த எடு.”

“எடுத்தா திரும்ப ஒட்டாதுக்கா.”

அவர் பலூனை மேலும் கீழும் பார்த்தார். அம்மன் சிலைக்கு அளவெடுப்பது போன்ற பார்வை. “அப்ப சேல கட்டு” என்றார்.

பத்து நிமிடத்தில் நாலு வீட்டுச் சேலைகள் வந்தன. பச்சை, அரக்கு, மாம்பழ மஞ்சள். இசக்கியும் தோழிகளும் தங்கள் துப்பட்டாக்களை முடிந்து கயிறாக்கினார்கள். ஊக்கு கூடாது, முடிச்சு மட்டும் என்று நான் சுற்றிச் சுற்றி வந்தேன். எழுத்து மறைந்தது, அம்பு மறைந்தது. கல்லை அவிழ்த்துப் போட்டுவிட்டுக் கயிற்றைக் கையில் பிடித்தோம். சேலைகளின் கனத்தில் சுரைக்காய் அடக்கமாகத் தலையளவுக்கு இறங்கியது. அதுவும் நல்லதுக்குத்தான், தெருவில் மின்கம்பிகளுக்கு அடியில் போக வேண்டும்.

கம்பி தாழ்வாக இருக்கும் இடங்களுக்கு என்ன செய்வது என்று கேட்டேன். கன்னியம்மாவின் கணவர் முனுசாமி கூட்டத்திலிருந்து முன்னால் வந்தார். “தேருக்கு இன்னா பண்ணுவோம்?” என்றார். கோயிலிலிருந்து கவைக் கழிகள் வந்தன, நுனியில் இரண்டாகப் பிரிந்த நீளமான மூங்கில். சண்டைக்கு வந்த பங்காளிகளில் ஒருவர் மின்வாரிய ஊழியர். அவரே போன் போட்டுத் தெருவுக்கு மின்சாரத்தை நிறுத்த ஏற்பாடு செய்துவிட்டு ஒரு கழியை எடுத்துக்கொண்டார்.

கிளம்பும்போதுதான் வயிற்றுப் பக்கம் உஸ் என்று சத்தம் வந்தது. ஏதோ முள் தன் வேலையைக் காட்டிவிட்டது. பலூன் துணி நனைந்திருந்ததால் அங்கே எதையும் ஒட்ட முடியாது. இசக்கி உள்ளங்கையை ஓட்டையில் வைத்து அழுத்தினாள். சத்தம் நின்றது. “போலாம்க்கா, நான் இப்படியே வாரேன்” என்றாள்.

பிள்ளைப்பாக்கம் தெருவில் நாங்கள் போன அழகை என்னால் முழுதும் சொல்ல முடியாது. முன்னால் கவைக் கழிகள் கம்பியைத் தூக்கிப் பிடிக்க, அடியில் சேலை கட்டிய பலூன் மூக்கில் குங்குமத்தோடு அசைந்து வந்தது. “இழு, இழு, நிறுத்து” என்று முனுசாமி தேருக்குக் கொடுக்கும் குரலையே கொடுத்தார். பழக்க தோஷத்தில் ஒரு வீட்டில் குடத்துத் தண்ணீரை வாசலில் ஊற்றினார்கள். இன்னொரு வீட்டில் ஆரத்தித் தட்டோடு வந்துவிட்டார்கள். “கற்பூரம் வேண்டாம்” என்று நான் தட்டுக்கும் பலூனுக்கும் நடுவில் போய் நின்றேன். தெருமுனையில் அந்தக் கொரியர்கள் காத்திருந்தார்கள். ஒருவர் ஏதோ கேட்டார், கூட இருந்த மொழிபெயர்ப்பாளர் எங்களிடம், “இது எந்தச் சாமின்னு கேக்குறார்” என்றார். பதிலுக்கு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “பலூன் சாமி” என்றேன். கொரியர்கள் இருவரும் இடுப்பு வரை குனிந்து வணங்கினார்கள்.

கடைசி வீடு தாண்டியதும் கன்னியம்மா என் பக்கத்தில் வந்து நடந்தார்.

“உனக்கு இன்னிக்கி மட்டுந்தான வேல?”

“ஆமாக்கா. சாயங்காலத்தோட ஒப்பந்தம் முடியுது.”

“அப்பறம் உள்ள கீற காத்த இன்னா பண்ணுவ?”

“திறந்து விட்டுருவேன்.”

“நாளிக்கி வுடு. நாளிக்கி ஒரு நாளு அது எங்க நெலத்து மேல நிக்கட்டும். விக்கலன்னு எழுதிப் போடு.” பிறகு கொஞ்சம் இறங்கிய குரலில், “நான் வாயால சொன்னா எவனும் நம்ப மாட்றான்” என்றார்.

சரி என்று கை கொடுத்தேன். அவர் கையைப் பிடித்தது ஆம்பிளைப் பிடி.

மனைப் பிரிவுக்குப் போனபோது பேருந்துகள் வந்து நின்றிருந்தன. குடும்பங்கள் பிரியாணித் தட்டோடு எழுந்து நின்று பார்த்தன. சேலைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தோம். ஓட்டைக்குத் துணி ஒட்டி, பாதி உருளையையும் உள்ளே விட்டு, கயிற்றை டிராக்டரில் கட்டிச் சாவியை என் இடுப்பில் செருகிக்கொண்டேன். சுரைக்காய் மேலே போயிற்று. குழந்தைகள் கை தட்டினார்கள். இசக்கி மரத்துப்போன கையை உதறிக்கொண்டே தலையை அண்ணாந்து நின்றாள். எனக்குக் கண்ணில் நீர் வந்தது, துடைக்கவில்லை.

மனைப் பிரிவின் முதலாளி என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார். “மண்ணூர்லயும் ஒரு மனைப் பிரிவு போடுறோம். வாராவாரம் இதே மாதிரி ஊர்வலமா கொண்டாந்து ஏத்த முடியுமா?”

மாலையில் சோங்குக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “அவர்களுக்குப் பலூன் வேண்டுமா, சேலை வேண்டுமா?”

“இரண்டும்” என்றேன்.

“அப்படியென்றால் அங்கேயே இரு. உருளைகள் அனுப்புகிறேன்.”

விடுதிக்குத் திரும்பியதும் இசக்கியைக் கட்டிக்கொண்டு குதித்தேன். வார்டன் வந்து என்ன சத்தம் என்று கேட்டார். “பசியாறியாச்சா, மேடம்?” என்று ஆறு பேரும் ஒரே குரலில் கேட்டோம்.

திங்கள்

விடியுமுன் கவைக் கழிகளோடு அதே தெரு வழியாகப் பலூனை வயலுக்குத் திரும்ப நடத்திவந்தோம். கறுப்பு ஒட்டுத்தாள் ஒரு சுருள் என்னிடம் இருந்தது. விடிந்ததும் கன்னியம்மாவின் பம்புசெட்டு அருகே உட்கார்ந்து கத்தரிக்கோலால் எழுத்து வெட்டினேன். எட்டு வருடம் வெறுத்த வேலை, அன்று கை தானாக ஓடியது. சோங்கின் பலூன், அடுத்த வாரத்திலிருந்து மனை விற்கப்போகிற பலூன். என் பிழைப்பு இனி அதில்தான். அது தெரிந்தேதான் வெட்டினேன், நல்ல தடித்த எழுத்தாகவே வெட்டினேன்.

வயலுக்கு மேலே அது ஏறி நின்றது: ‘இங்கே மனைகள் விற்பனைக்கு இல்லை.’ கீழே சிவப்பு அம்பு, அதன் நேர் கீழே கன்னியம்மாவின் நெல்.

பாஸ்கர் கார்னர் பிளாட் கல்லைத் தேடி வந்தார். கல் பம்புசெட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது, கன்னியம்மா அதன் மேல் நேற்றைய சேலைகளைத் துவைத்துக்கொண்டிருந்தார். “வானத்துலேர்ந்து வந்த கல்லு, தர மாட்டேன்” என்றார். பாஸ்கர் மேலே எழுத்தைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நா இங்க வரவே இல்ல, மேடம்” என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

பகல் முழுக்க வேடிக்கைக்கு ஆள் வந்தது. பைக்கில் வந்த புரோக்கர் ஒருவர் நிறுத்தி, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் படித்துவிட்டு, இறங்காமலே போனார். ஷிப்ட் முடிந்து கம்பெனிப் பேருந்துகள் வரிசையாக ஏரிக்கரைச் சாலையில் போயின. ஒன்றிலிருந்து இசக்கி பாதி உடம்பை வெளியே நீட்டிக் கையாட்டினாள். முனுசாமி எனக்கு மீன் குழம்பும் சோறும் கொண்டுவந்தார். சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தால் சுரைக்காய்க்குக் கன்னம் ஒட்டத் தொடங்கியிருந்தது. வெயில் சாய்ந்துவிட்டது, நிரப்ப வாயு இல்லை. மெல்ல மெல்ல இறங்கி, கடைசியில் எழுத்து பனைமர உயரத்துக்கு வந்தது.

“அவ்ளோதாங்க்கா” என்றேன். “நாளைக்கு நிக்காது.”

கன்னியம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து கயிற்றைப் பிடித்தார், இறக்க உதவுவதற்கு.

“நாளிக்கி எதுக்கு?” என்றார். “படிக்க வேண்டியவங்க எல்லாம் படிச்சிட்டாங்க.”